வேற கிரகத்துல ஆள் இருந்தா சிலுவை யாருக்காக?

2025 ஏப்ரல்ல கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டில நிக்கு மதுசூதன் தலைமையில வேலை பாக்குற டீம் ஒரு தகவல் வெளியிட்டாங்க. கே2-18பி-ன்னு ஒரு கிரகம், இங்கிருந்து 124 ஒளியாண்டு தூரம், அதோட காத்து மண்டலத்துல டைமெத்தில் சல்ஃபைடுங்குற வாயு இருக்குற மாதிரி ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்ல அடையாளம் தெரியுதுன்னு. பூமியில இந்த வாயுவ பெரும்பாலும் கடல்ல இருக்குற நுண்ணுயிருங்கதான் உண்டாக்குது, அதனால அங்கயும் உயிர் இருக்குமோன்னு உலகம் பூரா பேச்சு கிளம்பிருச்சு. கொஞ்ச நாள்லயே வேற ஆய்வாளருங்க அதே டேட்டாவ எடுத்து அலசிட்டு, இத வச்சு அவ்ளோ உறுதியா சொல்ல முடியாதுன்னுட்டாங்க.

வாயு இருக்கோ இல்லையோ, இந்த மாதிரி செய்தி வர்றப்பல்லாம் ரெண்டு குரல் தவறாம வரும். ஒண்ணு, ஏலியன் கிடைச்சதும் கிறிஸ்தவம் முடிஞ்சுது, பைபிள மூடி வச்சிருங்கங்குறது. இன்னொண்ணு நம்ம ஆளுங்ககிட்ட இருந்தே வரும், ஏலியன்னு ஒண்ணும் கிடையாது, அதெல்லாம் கடைசி காலத்துல பிசாசு பண்ற வஞ்சகம், விசுவாசிங்க இதப்பத்தி யோசிக்கவே கூடாதுன்னு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் எதிர்க்குற மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டு பேருக்கும் அடியில இருக்குற எண்ணம் ஒண்ணுதான், அதாவது கிறிஸ்தவம் இந்தக் கேள்விய சந்திச்சதே இல்ல, சந்திச்சா தாங்காது. இது உண்மை இல்லங்க. இந்தக் கேள்விய டெலஸ்கோப் வர்றதுக்கு முன்னாடியே, கலிலியோவுக்கு 300 வருஷத்துக்கும் மேல முன்னாடியே, சபைக்குள்ள உக்காந்து கேட்டிருக்காங்க, பதிலும் எழுதி வச்சிருக்காங்க. அத நம்ம பிள்ளைங்களுக்கு யாரும் சொல்லித்தர்றதில்லங்குறதுதான் எனக்கு வருத்தம், அதுக்காகத்தான் இத உக்காந்து எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயத்த தள்ளி வச்சிருவோம். இப்ப நாசா தேடிட்டு இருக்குறது பெரும்பாலும் நுண்ணுயிரத்தான். செவ்வாய்ல பெர்சிவியரன்ஸ் ரோவர் எடுத்த ஒரு பாறை மாதிரியில பழைய நுண்ணுயிரோட தடயமா இருக்கலாம்னு சொல்ற புள்ளிகள் இருக்குன்னு 2025 செப்டம்பர்ல சொன்னாங்க, வியாழனோட நிலாவான யூரோப்பாவ பாக்க 2024 அக்டோபர்ல ஒரு விண்கலம் கிளம்பிப் போயிட்டு இருக்கு. அங்கயெல்லாம் பாக்டீரியா மாதிரி எதாவது கிடைச்சா விசுவாசத்துக்கு ஒரு பிரச்சினையும் கிடையாது. ஆதியாகமத்துல தேவன் தண்ணியப் பாத்து ஜீவஜந்துக்கள ஜனிப்பிக்கட்டும்னு சொன்னாரு, அந்தத் தண்ணி யூரோப்பாவோட பனிக்கு அடியில இருந்தா மட்டும் கேக்காதா என்ன. பாக்டீரியா பாவம் பண்ணாது, ஜெபமும் பண்ணாது. பிரச்சினை வர்றது, யோசிக்கத் தெரிஞ்ச, நல்லது கெட்டது தெரிஞ்சு தேர்ந்தெடுக்குற, நேசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் அங்க இருந்தாத்தான்.

அப்படி ஒருத்தர் இருக்காரா இல்லையான்னு பைபிள் சொல்லல. எசேக்கியேல் பாத்த சக்கரத்துக்குள்ள சக்கரத்த பறக்கும் தட்டுன்னு வீடியோ போடுறவங்க இருக்காங்க, அது கேபார் நதி ஓரத்துல சிறைப்பட்டு உக்காந்திருந்த ஒரு ஜனத்துக்கு தேவனோட சிங்காசனம் உங்கள விட்டுப் போகல, அது நகரும், இங்கயும் வரும்னு காட்டுன தரிசனம், அத வண்டியா மாத்துறது அந்த அகதிங்களுக்கு கிடைச்ச ஆறுதல பிடுங்குற வேலை. அதே மாதிரி யோவான் 10:16-ல "இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு"ன்னு இயேசு சொன்னத ஏலியனுக்கு ஆதாரமா எடுக்குறதும் சரியில்ல, அங்க பேச்சு யூதர் அல்லாத ஜனங்களப் பத்தி. எனக்கு சாதகமான வசனம்ங்குறதுக்காக வளைக்கக்கூடாது.

ஆனா பைபிள்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கு. யோசிக்கத் தெரிஞ்ச சிருஷ்டி மனுஷன் மட்டும்தான்னு அது ஒரு இடத்துலயும் சொல்லல. தேவதூதருங்க இருக்காங்க, கேருபீன் சேராபீன் இருக்கு, மனுஷன் வர்றதுக்கு முன்னாடியே அவங்க இருந்தாங்கன்னு யோபு 38 சொல்லுது. அதனால "மனுஷன் தனியா இல்லன்னு தெரிஞ்சா கிறிஸ்தவம் ஆடிப்போயிரும்"னு சொல்றவங்க எந்தக் கிறிஸ்தவத்தப் பத்தி பேசுறாங்கன்னு எனக்குப் புரியல, ஞாயித்துக்கிழமை ஆராதனையில தேவதூதரோட சேந்து பரிசுத்தர் பரிசுத்தர்னு பாடுற கூட்டம் இது.

இப்ப கஷ்டமான பக்கத்துக்கு வர்றேன். 2014-ல அமெரிக்காவுல கென் ஹாம்னு படைப்பு வாதத்துக்காக பேசுறவர் ஒரு வாதம் வச்சாரு. ஆதாமோட பாவம் சிருஷ்டி முழுக்க பாதிச்சிருக்கு, வேற கிரகத்துல யாராவது இருந்தா அவங்களையும் பாதிச்சிருக்கும், ஆனா இயேசு மனுஷனா வந்து ஆதாமோட வம்சத்துக்காகத்தான் மரிச்சாரு, அந்த வம்சத்துல இல்லாதவங்களுக்கு ரட்சிப்பு கிடையாது, அதனால அப்படி யாரும் இருக்க வாய்ப்பில்ல. மீடியாவுல அத "ஏலியன்லாம் நரகத்துக்குப் போகும்னு சொல்றாரு"ன்னு போட்டு சிரிச்சாங்க, அவரு சொன்னது அது இல்ல. அவரு வாதத்த மரியாதையோடவே எடுத்துக்கலாம், ஏன்னா ரோமர் 5-ல பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரா நிறுத்துறது நிஜம்.

ஆனா இதே வாதம் ஏற்கெனவே ஒருதடவ வந்து தோத்துப் போயிருக்கு. அஞ்சாம் நூற்றாண்டுல அகஸ்டின்கிட்ட ஒரு கேள்வி இருந்துச்சு, பூமி உருண்டைன்னா அதோட அந்தப்பக்கம், நம்ம கால் பாதத்துக்கு நேர் எதிரே பாதம் வச்சு நடக்குற மனுஷங்க இருக்காங்களான்னு. அவரு இருக்க மாட்டாங்கன்னாரு. காரணம் என்னன்னா அவ்ளோ பெரிய சமுத்திரத்த தாண்டி ஆதாமோட சந்ததி அங்க போயிருக்க முடியாது, ஆதாம்ல இருந்து வராத மனுஷன் இருக்க முடியாது, அதனால அங்க யாரும் இல்ல. அதே அகஸ்டின், அதுக்கு முந்தின அத்தியாயத்துலயே இன்னொரு விஷயத்தையும் எழுதியிருக்காரு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாய்த்தலை மனுஷங்க, ஒத்தக்கால் மனுஷங்கன்னு அந்தக் காலத்துல யாத்திரைக் கதைங்க சுத்திட்டு இருந்துச்சு, அதெல்லாம் நிஜமோ பொய்யோ, பகுத்தறிவுள்ள மரணமுள்ள ஜீவனா யார் இருந்தாலும் உருவமோ நிறமோ குரலோ எவ்ளோ வித்தியாசமா இருந்தாலும் அவங்க நம்ம ஆளுங்கதான்னு சொன்னாரு. உடம்பு எப்படி இருக்குங்குறது கணக்கு இல்ல, அறிவு இருக்கான்னு பாருன்னு 1600 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பிஷப் எழுதிட்டாரு.

எட்டாம் நூற்றாண்டுல அயர்லாந்துல இருந்து போன விர்ஜில்னு ஒரு துறவி சால்ஸ்பர்க்ல ஊழியம் பண்ணாரு, பூமிக்கு அடியில வேற உலகமும் வேற மனுஷரும் இருக்காங்கன்னு இவர் போதிக்கிறாருன்னு போனிபாஸ்ங்குற மிஷனரி பிஷப் போப் சகரியாகிட்ட புகார் பண்ணாரு, போப்பும் 748-ல கடுமையா ஒரு கடிதம் எழுதினாரு. விர்ஜில்மேல நடவடிக்கை எடுத்த மாதிரி தெரியல, அவரு சால்ஸ்பர்க் பிஷப்பாவே இருந்து இறந்தாரு, 1233-ல புனிதர் பட்டமும் கொடுத்தாங்க. அப்புறம் 1492 வந்துச்சு. சமுத்திரத்துக்கு அந்தப்பக்கம் மனுஷங்க இருந்தாங்க, லட்சக்கணக்குல, நகரங்களோட. யாரும் போக முடியாதுன்னு நினைச்ச இடத்துல. இவங்களுக்கு ஆத்துமா இருக்கா, இவங்கள அடிமையாக்கலாமான்னு ஸ்பெயின்காரங்க சண்டை போட்டாங்க, 1537-ல போப் மூன்றாம் பவுல் ஒரு ஆணை போட்டு இவங்களும் உண்மையான மனுஷங்கதான், விசுவாசத்துக்கு வெளிய இருந்தாலும்கூட இவங்க சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக்கூடாதுன்னாரு. ஆதாம் வம்சம் இங்கதான் இருக்கு அதனால அங்க யாரும் இருக்க முடியாதுன்னு கணக்குப் போட்டவங்க கணக்கு தப்பாச்சு, ஆனா விசுவாசம் அதனால உடையல. உடைஞ்சது அந்த ஜனங்களோட வாழ்க்கைதான், அதப்பத்தி கடைசியில சொல்றேன்.

வானத்துல வேற உலகம் இருக்கலாமாங்குற கேள்விக்கு கதவு திறந்தது 1277-ல. அந்தக் காலத்து பாரிஸ் யுனிவர்சிட்டில அரிஸ்டாட்டில் சொன்னதுதான் வேதவாக்கு மாதிரி, அவரு ஒரே ஒரு உலகம்தான் இருக்க முடியும்னு சொல்லிட்டாரு, ரெண்டாவது உலகம் இருந்தா அதுல இருக்குற மண்ணு எந்த மையத்த நோக்கி விழும்ங்குறது அவரு வாதம். அந்தக் காலத்துப் பெரிய இறையியலாளர் தாமஸ் அக்வினாஸும் ஒரே உலகம்தான்னு எழுதினாரு. ஆனா பாரிஸ் பிஷப் எத்தியேன் தாம்பியே 1277 மார்ச் 7-ந்தேதி 219 கருத்துங்கள தடை பண்ணாரு, அதுல ஒண்ணு, பல உலகங்கள தேவனால உண்டாக்க முடியாதுங்குறது. அக்வினாஸ் இறந்து சரியா மூணு வருஷம் ஆன அதே தேதி அது. தாம்பியே பல உலகம் இருக்குன்னு சொல்லல, ஆனா தேவனால முடியாதுன்னு நீ சொல்லாதேன்னாரு. சபை விஞ்ஞானத்துக்கு எதிரின்னு மட்டுமே படிச்சவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும், இங்க ஒரு பிஷப்போட தடை உத்தரவுதான் யோசிக்குறதுக்கு இடம் கொடுத்துச்சு.

அந்த இடத்துல ஒருத்தர் தைரியமா நடந்து போனாரு. ஜெர்மனிய சேந்த நிக்கோலாஸ், கூசா ஊர்க்காரர், 1440-ல எழுதின புத்தகத்துல சூரியன்லயும் நிலாவுலயும் மத்த நட்சத்திரங்கள்லயும் குடியிருக்குறவங்க இருக்கலாம், அவ்ளோ பெரிய இடத்த தேவன் காலியா விட்டிருப்பாருன்னு நினைக்க முடியலன்னு எழுதினாரு. அதுக்காக அவர யாரும் தொடல, கர்தினால் ஆக்குனாங்க. இதுக்கு எதிரா எல்லாரும் ஜியோர்தானோ புரூனோவ எடுத்துக் காட்டுவாங்க, 1600 பிப்ரவரி 17-ல ரோம்ல உயிரோட எரிச்சாங்க. அவரு மேல இருந்த குத்தச்சாட்டுல பல உலகங்கள் விஷயமும் இருந்துச்சு, ஆனா திரித்துவம், கிறிஸ்துவோட தெய்வத்தன்மை, நற்கருணைன்னு இதெல்லாத்தையும் மறுக்குறாருங்குறதுதான் பெரிய பகுதி. ஏலியனுக்காக எரிச்சாங்கன்னு சொல்றது முழு உண்மை இல்ல. எதுக்காக எரிச்சிருந்தாலும் அது பாவம், அதுல எனக்கு மாத்துக்கருத்து கிடையாது.

கூசா நிக்கோலாஸ் காலத்துலதான் நிஜமான முடிச்சும் விழுந்துச்சு. வில்லியம் வோரிலாங்னு ஒரு பிரான்சிஸ்கன் துறவி, 1463-ல இறந்தவர், அவரு கேட்டாரு: வேற உலகம் இருந்து அங்க ஆளுங்க இருந்தா, இந்த பூமியில மரிச்ச கிறிஸ்து அவங்களையும் மீட்டிருக்க முடியுமா? அவரோட பதில், முடியும், உலகங்கள் எண்ணிக்கையே இல்லாம இருந்தாலும் இந்த ஒரு மரணம் போதும், ஆனா அவரு இன்னொரு உலகத்துக்குப் போய் திரும்பவும் மரிக்கிறது தகாது. அவ்ளோதான், நாலு வரி. ஆனா அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் இந்த நாலு வரிக்குள்ளதான் சுத்திட்டு இருக்காங்க. நூறு வருஷம் கழிச்சு லூத்தரோட நண்பர் மெலங்க்தன் இதே புள்ளியில இருந்து எதிர் முடிவுக்கு வந்தாரு. கிறிஸ்து ஒரே தரம் மரிச்சாரு, அடிக்கடி மரிச்சு எழுந்தாருன்னு நினைக்கக் கூடாது, அதனால பல உலகம்ங்குற பேச்சே வேண்டாம்னு 1549-ல எழுதினாரு.

இதத்தான் 1794-ல தாமஸ் பெய்ன்னு கிறிஸ்தவத்த விமர்சிச்ச ஒரு எழுத்தாளர் திருப்பி ஆயுதமா எடுத்தாரு. ஒவ்வொரு உலகத்துலயும் ஒரு ஏவாள் ஒரு கனி ஒரு மீட்பர் இருந்தா தேவகுமாரன் உலகம் உலகமா போய் செத்துக்கிட்டே இருக்கணுமே, இல்லன்னா எல்லாத்தையும் விட்டுட்டு இந்த ஒரு சின்ன உலகத்துல மட்டும் வந்து சாகணுமேன்னு கேட்டாரு. பல உலகத்தையும் கிறிஸ்தவத்தையும் சேத்து நம்புறவன் ரெண்டையும் சரியா யோசிக்கலன்னாரு. இது சும்மா கேலி இல்ல, கிறிஸ்தவத்துக்கு எதிரா வந்த வாதங்கள்லயே மதிக்கத்தக்க வாதம் இது, பதில் சொல்லித்தான் ஆகணும்.

பதில் சொன்னவர் தாமஸ் சால்மர்ஸ், கிளாஸ்கோவுல ட்ரான் சர்ச் போதகர். வார நாள்ல மதியம் வானசாஸ்திரத்தப் பத்தி தொடர் பிரசங்கம் பண்ணாரு, வியாபாரிங்க கடைய விட்டுட்டு வந்து கேட்டாங்க, 1817-ல அத புத்தகமா போட்டப்ப ஒரே வருஷத்துல ஏறக்குறைய 20,000 பிரதி போச்சு. அவரு சொன்னதுல எனக்கு இன்னும் மனசுல நிக்கிறது, டெலஸ்கோப்ப மட்டும் பாத்துட்டு மனுஷன் தூசின்னு சொல்றீங்க, அதே காலத்துல மைக்ரோஸ்கோப்பும் வந்துச்சே அதுல என்ன தெரியுதுன்னு கேட்டாரு. ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ள, கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குக்கூட ஒவ்வொரு உறுப்பும் அவ்ளோ நுணுக்கமா செஞ்சிருக்கு. பெருசா இருக்குறதால சின்னத கவனிக்காம விடுறவர் இல்ல அவர். பெய்னோட வாதத்துல பாதி அங்க விழுந்துருது, ஏன்னா அந்தப் பாதி முழுக்க சைஸ வச்சு போட்ட கணக்கு. சங்கீதம் 8-ல தாவீதும் இதே வானத்தப் பாத்துதான் "மனுஷனை நீர் நினைக்கிறதற்கும் அவன் எம்மாத்திரம்"னு கேட்டாரு, ஆனா அந்தக் கேள்வியில இருந்து தேவன் நம்மள நினைக்கலங்குற முடிவுக்கு அவரு போகல.

1853-ல கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ் தலைவர் வில்லியம் ஹ்யூவெல் வேற பக்கத்துல இருந்து வந்தாரு. அவ்ளோ பெரிய இடத்த தேவன் காலியா விடுவாரான்னு கூசா நிக்கோலாஸ்ல இருந்து எல்லாரும் கேக்குறாங்கல்ல, அதுக்கு அவரு பூமியோட மண் அடுக்கப் பாருங்கன்னாரு. எத்தனையோ யுகம் இந்த பூமி மனுஷன் இல்லாமதான் இருந்திருக்கு, காலத்த அவ்ளோ காலியா விட்ட தேவன் இடத்தையும் காலியா விடலாமே. பேர் போடாமதான் வெளியிட்டாரு, பெரிய சண்டையே நடந்துச்சு, அடுத்த வருஷமே ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர் எதிர்த்து ஒரு புத்தகம் போட்டாரு. ரெண்டு பேரும் விசுவாசிங்க, ரெண்டு பேரும் விஞ்ஞானிங்க. ஏலியன் நம்பிக்கை விஞ்ஞானத்தோட கட்சி, ஏலியன் மறுப்பு மதத்தோட கட்சின்னு பிரிக்கவே முடியாதுங்குறதுக்கு இத விட நல்ல சாட்சி இல்ல.

ஆனா பெய்னோட அடுத்த பாதி அப்படியே நிக்குது. ஒரு சிலுவையா பல சிலுவையா?

ஒரு சிலுவை போதும்ங்குறவங்களுக்கு கொலோசெயர் 1:20 இருக்கு, சிலுவையில சிந்தின இரத்தத்தினாலே "பூலோகத்திலுள்ளவைகள் பரலோகத்திலுள்ளவைகள் யாவையும்" தமக்கு ஒப்புரவாக்கிக்கொண்டாருன்னு. யாவையும்னா யாவையும்தான், அதுல கே2-18பி இல்லன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ரோமர் 6:9 இன்னும் கறாரா இருக்கு, "மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை". சரி, ஆனா அந்தச் செய்தி அவங்களுக்கு எப்படிப் போய் சேரும்? ஆக்ஸ்போர்டு கணித அறிஞர் எட்வர்ட் மில்ன், அவரு இறந்தப்புறம் 1952-ல வந்த புத்தகத்துல ரேடியோ வழியா சுவிசேஷம் போகலாமேன்னு சொல்லியிருந்தாரு. நல்ல மனசோட சொன்ன பதில்தான், ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, சபை பிறந்த பெந்தெகொஸ்தே நாள்லயே ஒளி வேகத்துல செய்தி கிளம்பியிருந்தாலும் இன்னைக்கு அது சுமார் 2,000 ஒளியாண்டு தூரம்தான் போயிருக்கும், நம்ம பால்வெளி மண்டலம் மட்டுமே சுமார் 1,00,000 ஒளியாண்டு அகலம். அதுக்கு வெளிய இருக்குற கோடிக்கணக்கான மண்டலங்கள விட்டுருங்க. அந்தக் கடைசி மூலையில இருக்குறவங்க நம்ம ஊழியத்துக்காக காத்திருக்கணும்னா இந்தப் பிரபஞ்சம் முழுக்க நம்மள நம்பித்தான் இருக்குன்னு ஆயிரும். அது சுவிசேஷம் சொல்ற விஷயமா எனக்குப் படல.

மில்னுக்கு 1956-ல பதில் எழுதின எரிக் மாஸ்கல், ஆங்கிலிக்கன் குரு, கணிதம் படிச்சவர், அவரு கேட்ட கேள்வி ஆழமானது. இயேசு ஏன் மனுஷனா வந்தாரு? வானத்துல இருந்தே மன்னிச்சேன்னு சொல்லியிருக்கலாம்ல. நாலாம் நூற்றாண்டுல நசியான்சு கிரகோரியார் சொன்ன ஒரு விதி இருக்கு, எத அவரு தன்மேல எடுத்துக்கலையோ அது குணமாகல. நம்ம மாம்சத்த எடுத்ததாலதான் நம்ம மாம்சம் குணமாச்சு. எபிரெயர் 2:16 அதையே சொல்லுது, அவரு "தேவதூதருக்கு உதவியாகக் கைகொடாமல், ஆபிரகாமின் சந்ததிக்கு உதவியாகக் கைகொடுத்தார்". அப்படின்னா மனுஷ சுபாவமே இல்லாத, நம்மளோட எந்த ரத்த சம்பந்தமும் இல்லாத ஒரு இனம் பாவத்துல விழுந்திருந்தா, அவங்களுக்கு அவரு அவங்கள்ல ஒருத்தரா வர்றதுக்கு என்ன தடை? அக்வினாஸ் ஏலியனப் பத்தி யோசிக்காமலே இதுக்கு வழி விட்டு வச்சிருக்காரு. ஒரு தெய்வ ஆள்தத்துவம் ஒண்ணுக்கு மேல மனுஷ சுபாவத்த எடுத்துக்க முடியுமான்னு கேட்டு, முடியும், படைக்கப்பட்ட ஒரு சுபாவம் படைக்கப்படாதவர அடைச்சு வச்சுக்க முடியாதுன்னு சொன்னாரு. ஒரே உலகம்தான்னு சொன்ன அதே ஆள். நாசா கொடுத்த நிதியில பிரின்ஸ்டன்ல இருக்குற ஒரு இறையியல் ஆய்வு மையம் பத்து வருஷத்துக்கு முன்னாடி இறையியலாளருங்கள கூட்டி இதப்பத்தி ஆராய வச்சுது, அதுல இருந்த ஆண்ட்ரூ டேவிசன், உயிர்வேதியியல் படிச்சுட்டு ஆங்கிலிக்கன் குருவானவர், அக்வினாஸோட இந்த இடத்த பிடிச்சுத்தான் 2023-ல ஒரு முழு புத்தகமே எழுதினாரு.

நான் எங்க நிக்கிறேன்னா, மாஸ்கல் பக்கம் சாயுறேன். ரோமர் 6:9 என்ன தடுக்கலையான்னு கேட்டீங்கன்னா, தடுக்குது, ரொம்ப யோசிச்சிருக்கேன். ஆனா அந்த வசனம் நாசரேத்து இயேசுவா எழுந்தவரப் பத்தி, அவருக்கு மரணத்தோட கணக்கு முடிஞ்சுதுங்குறதப் பத்தி பேசுது, எனக்காக மரிச்சவர் திரும்ப மரிக்கமாட்டாருங்குறதுதான் எனக்கான உறுதி. நித்திய குமாரனோட அன்பு இன்னொரு இடத்துல என்ன பண்ணுச்சுன்னு அந்த வசனம் வரையறுக்கலன்னு நினைக்கிறேன். இதுல என்னோட சபையிலயே நிறையப் பேர் ஒத்துக்கமாட்டாங்க, வோரிலாங் சொன்னதே போதும்பாங்க, அதுவும் கௌரவமான இடம்தான்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கு, அவங்க விழவே இல்லங்குறது. 1622-ல வெளிவந்த ஒரு புத்தகத்துல, ஜெயில்ல இருந்து கலிலியோவுக்காக எழுதின தொமினிக்கன் துறவி கம்பனெல்லா இத சொல்லியிருக்காரு, அங்க இருக்குறவங்க ஆதாம்ல இருந்து வரலன்னா ஆதாமோட பாவமும் அவங்களுக்கு ஒட்டாதேன்னு. செவந்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்காரங்களுக்கு இது புதுசே இல்ல, விழாத உலகங்கள் இருக்கு, அவங்க இந்த பூமியில நடக்குற போராட்டத்தப் பாத்துட்டு இருக்காங்கன்னு அந்த சபைய தொடங்கினவங்கள்ல ஒருத்தரான எலன் ஒயிட் காலத்துல இருந்தே போதிக்கிறாங்க. 2008 மே மாசம் வாடிகன் வான ஆய்வகத்தோட டைரக்டரா இருந்த ஹோசே ஃபூனஸ், அர்ஜென்டினாவ சேந்த இயேசு சபை குரு, வாடிகன் பத்திரிகைக்கு கொடுத்த பேட்டியில தொண்ணூத்தொன்பது ஆட்ட விட்டுட்டு காணாமப்போன ஒண்ண தேடிப்போற மேய்ப்பன சொன்னாரு, காணாமப்போன அந்த ஒரு ஆடு நம்மளா இருக்கலாமேன்னு. பிரான்சிஸ் அசிசியார் மாதிரி பூமியில இருக்குற சிருஷ்டிங்கள சகோதரன் சகோதரின்னு கூப்பிட்டா வேற கிரகத்துல இருக்குறவர நாம ஏன் சகோதரன்னு கூப்பிடக்கூடாதுன்னும் கேட்டாரு. தேவன் மனுஷனா வந்தது ஒரே ஒருதடவ, திரும்ப நடக்காதுங்குறதுல அவரு உறுதியா இருந்தாரு, ஆனா அவங்களுக்கும் எதோ ஒரு விதத்துல தேவனோட இரக்கம் கிடைக்கும்னாரு.

விசுவாசிங்க இதுக்கெல்லாம் தாங்குவாங்களான்னா, டெட் பீட்டர்ஸ்ங்குற லூத்தரன் இறையியலாளர் 2008-ல 1,300 பேருக்கு மேல கேட்டு ஒரு சர்வே எடுத்தாரு. பெரும்பாலான விசுவாசிங்க எங்க நம்பிக்கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க, மதங்க ஆட்டம் கண்டுரும்னு அதிகமா நினைச்சது மதம் இல்லாதவங்கதான்.

எனக்கு பயம் வேற இடத்துல. 1958-ல கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் இதப்பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, அதுல கேள்விங்கள ஒழுங்கா அடுக்குறாரு, அங்க உயிர் இருக்கா, இருந்தா பகுத்தறிவு இருக்கா, இருந்தா விழுந்தவங்களா, விழுந்தவங்கன்னா மீட்பு கிடைக்காம விட்டிருக்கான்னு நமக்குத் தெரியுமா, நமக்குக் கிடைச்ச வழியிலதான் அவங்களுக்கும் கிடைக்கணுமா. ஆனா அவரு நிஜமா கவலைப்பட்டது நம்ம ஆளுங்க அங்க போய் இறங்குனா என்ன பண்ணுவாங்கங்குறதப் பத்தி. துப்பாக்கியும் பைபிளும் ஒரே கப்பல்ல போன சரித்திரம் நமக்கு இருக்கு. 1537-ல போப் ஆணை வர்றதுக்குள்ள கரீபியன் தீவுகள்ல இருந்த பூர்வ ஜனங்கள்ல பெரும்பகுதி அடிமை வேலையிலயும் நோயிலயும் செத்துப்போயிட்டாங்க. இவங்க மனுஷங்களான்னு இறையியல் விவாதம் பண்ணிட்டு இருந்த நேரத்துல அவங்க இல்லாமப் போயிட்டாங்க. அதுக்கப்புறமும் 1550-ல வல்லாடோலிட் நகரத்துல ராஜா உத்தரவுல கூட்டின சபையில செபுல்வேடான்னு ஒருத்தர் இவங்க இயல்பாவே அடிமைங்கன்னு வாதாடினாரு, லாஸ் காசாஸ் பிஷப் எதிர்த்து நின்னாரு. அதனால ஏலியனுக்கு ஆத்துமா இருக்கான்னு யாராவது கேட்டா எனக்கு முதல்ல இதுதான் ஞாபகம் வருது, அந்தக் கேள்விய போன தடவ யாரு, என்ன லாபத்துக்காக கேட்டாங்கன்னு.

போப் பிரான்சிஸ் 2014 மே 12-ந்தேதி காலை திருப்பலியில செவ்வாய்ல இருந்து பச்சையா, நீள மூக்கும் பெரிய காதுமா, பிள்ளைங்க வரையுற மாதிரி ஒருத்தர் வந்து எனக்கு ஞானஸ்நானம் வேணும்னு கேட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாரு. எல்லா பத்திரிகையும் அத ஏலியன் செய்தியா போட்டுச்சு, ஆனா அன்னைக்கு வாசகம் அப்போஸ்தலர் 11, பேதுரு யூதர் அல்லாத கொர்நேலியு வீட்டுக்குப் போனதுக்காக எருசலேம்ல விசுவாசிங்க அவர பிடிச்சு கேள்வி கேட்ட பகுதி. தேவன தடுக்க நான் எம்மாத்திரம்னு பேதுரு அங்க சொல்றாரு. நாலு அத்தியாயம் தள்ளி 15-ல முழு சபையும் கூடி, வேற ஜனத்துல இருந்து வர்றவங்க முதல்ல நம்மள மாதிரி ஆகணுமாங்குற விஷயத்துல வேண்டாம்னு முடிவு பண்ணுது, அதுவும் நிறைய வாக்குவாதத்துக்கு அப்புறம். 2015-ல வாடிகன் ஆய்வகத்துக்கு டைரக்டரா வந்த கை கான்சல்மாக்னோகிட்டயும் ஏலியனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பீங்களான்னுதான் எல்லாரும் கேட்டாங்க, அவரு அவங்க கேட்டா மட்டும்னாரு. கேட்டாங்கன்னே வச்சுக்குவோம், ஞானஸ்நானத்துக்கு தண்ணி வேணும், சனியோட நிலாவான டைட்டன் மாதிரி மைனஸ் 179 டிகிரியில மீத்தேன் ஏரி இருக்குற இடத்துல ஒருத்தர் வாழ்ந்தா அவருக்கு நம்ம தண்ணி பாறை, அப்ப என்ன பண்றதுன்னு இன்னொரு எருசலேம் கூட்டம்தான் கூட வேண்டியிருக்கும், அந்தக் கூட்டத்துல இந்த தடவ அவங்களும் உக்காந்திருக்கணும்.